தையல்காரர் சொன்னதும் நான் சொன்னதும்

போன மாதம் கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சட்டத்தரணிகள் கூடி, குடு பாவிப்பவனைச் சிறையில் போடுவதா ஆஸ்பத்திரியில் போடுவதா என்று அரை நாள் விவாதித்தார்கள். ஹெரோயினுக்கு எங்கள் பக்கத்தில் குடு என்றுதான் பெயர். மண்டபத்தில் குளிரூட்டி நன்றாக வேலை செய்தது. ஆகவே விவாதமும் நன்றாகவே நடந்தது.

என்னை அங்கே இழுத்துப் போனவர் ரிஸ்வானா. அக்குறணைப் பெண். நான் ஓய்வுபெற்று எழுந்த கதிரையில் இப்போது இருக்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். “அஞ்சு நிமிஷம் ஏதாச்சும் செல்லுங்க சேர், அது போதும்” என்றார். முப்பது வருடம் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், நின்றவனுக்கு ஐந்து நிமிடம் என்பது தாராளமான ஒதுக்கீடு. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கைக்கு நாங்கள் ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுத்ததில்லை.

முதலில் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளம் சட்டத்தரணி ஒருவர் பேசினார். குடு பாவிப்பவன் நோயாளி, குற்றவாளி அல்ல, சட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். திரையில் ஏதோ ஒரு குளிர்நாட்டின் படங்களைக் காட்டினார். அங்கே நோயாளிகள்கூட நம்முடைய அமைச்சர்களைவிட நன்றாக உடுத்தியிருந்தார்கள். அடுத்து ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவர் எழுந்து, இன்றைக்குக் கதவைத் திறந்தால் நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் சுண்டல் மாதிரி விற்பார்கள் என்றார். இவ்வளவு காலம் அவர் கதவைப் பூட்டி வைத்திருந்ததுபோலவும், நாங்கள் யாரும் அந்த வாசல்களைக் கடந்து போகாததுபோலவும் சபை தலையாட்டியது. பேச்சுகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தன. காதில் மாட்டும் கருவி தந்திருந்தார்கள். அதில் தமிழ் மட்டும் வரவில்லை. ஏற்பாட்டாளர்கள் அதற்காக மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார்கள், ஆங்கிலத்தில்.

என் முறை வந்தபோது, இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று விழுந்ததில் பெரிய கைதட்டல் எனக்குத்தான். ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது ரிஸ்வானா மெல்லக் கேட்டார்: “சேர், நீங்க ஒண்டுமே செல்லல்லயே?” உண்மைதான். சொல்லாமல் விடுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நாவலப்பிட்டிக்காரன். அப்பா ரயில்வேயில் இருந்தார். பரீட்சை எழுதி, சில மாதம் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்து, ‘உண்மையாகவும் முழுமையாகவும் மொழிபெயர்ப்பேன்’ என்று சத்தியம் செய்து வேலைக்குச் சேர்ந்தேன். சத்தியம் செய்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கண்டியைச் சுற்றியுள்ள நீதவான் நீதிமன்றங்களில் ஒன்று அது. எது என்று சொல்லமாட்டேன். சொன்னால், அப்படி ஒன்றும் இங்கே நடக்கவில்லை என்று அங்கே இருப்பவர்கள் மறுக்க வேண்டி வரும். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

கோட்டில் மொழிபெயர்ப்பாளரை ‘முதலியார்’ என்பார்கள். சாதியைப் பற்றிய பேச்சல்ல, வெள்ளைக்காரன் விட்டுப்போன பதவிப் பெயர். எங்கள் தலைமை முதலியார் சபாநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் வெயில் நாளிலும் பூட்டியிருப்பார். நீதிமன்றத்துக்குள் போவதற்கு முன் முற்றத்துக் குழாயில் மூன்று தடவை வாய் கொப்பளிப்பார். மற்றவர்களின் வார்த்தையைப் பேசப் போகிற வாய் சுத்தமாக இருக்க வேண்டுமாம். குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் எதிரிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று அதன் விளிம்பில் வலது கையை வைத்துக்கொள்வார். கூண்டில் நிற்பவரின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். அவர் பேச்சு நீண்டுபோனால், சபாநாதன் முதலியார் ஒரு விரலால் மரத்தில் தட்டுவார். இரண்டு தட்டு. அவ்வளவுதான், பேச்சு நிற்கும். அழுகை நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கிழவி சொன்னதை எல்லாம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மதிய இடைவேளையில் சபாநாதன் முதலியார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “தம்பி, நீதவான் கேட்டது ஒரு கேள்வி. அதுக்கு மறுமொழியும் ஒண்டுதான். மிச்சமெல்லாம் அவையின்ரை சொந்தக் கதை. அதை அவை பஸ்ஸிலை போகேக்கை சொல்லட்டும்” என்றார். நீதவான் என் சுருக்கத்தைப் பாராட்டத் தொடங்கியதும், அவர் சொன்னது எவ்வளவு பெரிய ஞானம் என்று புரிந்துகொண்டேன்.

குடு எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த காலம். திங்கட்கிழமை காலைகளில் பொலிசார் பத்துப் பதினைந்து பேரை ஒன்றாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரிடமும் பிடித்தது ஒரு சின்னக் கடுதாசிப் பொட்டலம், மிஞ்சினால் இரண்டு. நாங்கள் இந்த வழக்குகளைக் ‘கட்டு’ என்போம், கீரைக்கட்டு போல. குற்றப்பத்திரத்தை ஒரு தடவைதான் வாசிப்போம், எல்லாருக்கும் சேர்த்து. பிறகு பெயர் பெயராகக் கூப்பிட்டு, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்போம். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் இருந்து வந்தவர்கள் ‘சுற்றவாளி’, அதாவது குற்றமற்றவர், என்ற சொல்லை அதற்கு முன் கேட்டிருக்கமாட்டார்கள். ஆகையால் கூண்டுக்கு வெளியே நிற்கும்போதே நான் விளக்கம் கொடுத்துவிடுவேன். ஒத்துக்கொண்டால் தண்டப்பணம், இன்றைக்கே வீடு. மறுத்தால் அந்தத் தூளைக் கொழும்புக்கு அனுப்பி அறிக்கை வரவேண்டும், அதுவரைக்கும் விளக்கமறியல் சிறை.

இவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? வீட்டில் இடித்த பற்பொடியை மடித்து வைத்திருந்த ஒரு பெரியவர்கூடக் குடு வைத்திருந்ததாக ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிப் போனார். போகும்போது எனக்குக் கும்பிடு போட்டார். பதினைந்து வழக்கு, பதினைந்து நிமிடம். போதைப்பொருளை ஒழிப்பதில் எங்கள் நீதிமன்றம் முன்னணியில் நிற்கிறது என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு கட்டில்தான் முத்துசாமி வந்தார்.

முத்துசாமி தையல்காரர். சந்தைக்குப் பின்புறச் சந்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் மெஷின் வைத்திருந்தார். சொந்த ஊர் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். எனக்கும் சபாநாதன் முதலியாருக்கும் வெள்ளைக் கோட்டுத் தைத்தவர் அவர்தான். அளவெடுக்கும்போது நாடாவை நம் மேல் படாமலே பிடிப்பார், அவ்வளவு மரியாதை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் சீருடைகள் மலைபோல வந்து விழும். குனிந்தே உட்கார்ந்து முதுகு விட்டுப்போன ஒரு சீசனில், வலிக்கு நல்லது என்று யாரோ கொடுத்திருக்கிறார்கள். வலி போய்விட்டது. போன வலிக்குப் பதிலாக வந்தது போகவில்லை.

கூண்டில் என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற தெம்பு. குற்றவாளியா என்று கேட்டேன். அவர் நீதவானைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்: “குடு அடிச்சது உண்மைதாங்க ஐயா. என்னால சொந்தமா விட முடியல. கை நடுங்குது, ஊசியில நூல் கோக்க முடியல. எங்கயாச்சும் அனுப்பி வைத்தியம் பண்ணச் சொல்லுங்க ஐயா, எத்தன மாசம்னாலும் இருக்கேன்.”

நான் நீதவானைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னேன்: “குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.”

பொய் சொல்லவில்லை, பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டது உண்மைதானே. தண்டம் விதித்தார்கள். முத்துசாமி வைத்தியத்துக்கான கடுதாசி ஏதும் வருமா என்று சற்றுநேரம் நின்று பார்த்தார். பொலிஸ்காரர் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார்.

ஆறேழு மாதம் கழித்து மறுபடி வந்தார். மெலிந்திருந்தார். அதே வேண்டுகோள், இந்த முறை கொஞ்சம் சுருக்கமாக; கோட்டு நடைமுறை அவருக்கும் பழகிவிட்டதே. நானும் அதே ஒரு வரியைச் சொன்னேன். பின்னால் இன்னும் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். நீதவான் கருணையுள்ளவர், ஆறு மாதச் சிறைத்தண்டனையை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்தார். அதற்குள் இன்னொரு தடவை குற்றவாளியானால் அந்த ஆறு மாதமும் தானாக உயிர்பெறும். இதை நான் முத்துசாமிக்கு ஒழுங்காக விளக்கிச் சொன்னேன். பயமுறுத்துகிற பகுதிகளை நான் எப்போதும் முழுமையாகவே மொழிபெயர்ப்பேன்.

“வைத்தியம் பத்தி ஐயா என்னங்க சொன்னாரு?” என்று கேட்டார்.

“பார்க்கிறேன் என்றார்” என்று சொல்லி அனுப்பினேன். நீதவானுக்கு அப்படி ஒரு கேள்வி போகவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைய சட்டத்திலேயே அவருக்கு வழி இருந்தது. நீதவான் நினைத்தால், இப்படிப்பட்ட ஒருவரைச் சிறைக்கோ தண்டத்துக்கோ அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரிடம் ஒப்படைத்து வைத்தியத்துக்கு அனுப்பலாம். அந்த அலுவலருக்கு எங்கள் கோட்டில் தனிக் கதிரையே இருந்தது. வேலை இல்லாததால் அவர் பெரும்பாலும் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருப்பார். ஹோட்டல் மண்டபத்தில் அந்த இளம் சட்டத்தரணி திறக்கச் சொன்ன கதவு, எங்கள் கோட்டில் பாதி திறந்துதான் கிடந்தது. அதை மறைத்துக்கொண்டு பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டுடன் நான் நின்றிருந்தேன்.

மூன்றாம் முறை முத்துசாமியைப் பிடித்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி புஷ்பம். கோட்டு முற்றத்தில், குழாயடியில் காத்து நின்றார். தெல்தோட்டையில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். வாழ்க்கை முழுக்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், சிங்களம் தெரியாது. கோபமாக ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“பெரிய ஐயா பாக்கிறேன்னு சொன்னாராமில்ல? அதையே நம்பிக்கிட்டு இருந்தாருண்ணே. கடுதாசி வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இந்தத் தடவ கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கண்ணே” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை அந்த வேலையில் எனக்கு வெட்கம் வந்ததில்லை. இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போனேன். இதை ஒரு வீரச்செயல் என்றே நினைத்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலையை ஒரு நாள் செய்வதற்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதற்குள் பழைய நீதவான் மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவர் புதியவர், சாந்தமானவர், எதிரியின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர். சபாநாதன் முதலியாருக்கு அது ஓய்வுக்கு முந்திய கடைசி வாரம். தன் இடத்துக்கு என்னைச் சிபாரிசு செய்து கடிதம் எழுதியிருந்தார். அதில் நீதவான் ஒப்பமிடுவதுதான் பாக்கி. முதலியார் எனக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

முத்துசாமி கூண்டில் ஏறினார். கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தும் கைகள் ஆடின. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதே வேண்டுகோளை மூன்றாம் முறையாகச் சொன்னார். நான் திரும்பி நின்று சொல்ல ஆரம்பித்தேன். முதுகுவலி, சீருடை, கை நடுக்கம், ஊசி நூல், எத்தனை மாதமானாலும் இருப்பதாகச் சொன்னது, எல்லாம். எனக்குப் பின்னால் மரத்தில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. நான் நிறுத்தவில்லை. மறுபடி இரண்டு தட்டு. நிறுத்தவே இல்லை.

நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். நன்னடத்தை அலுவலரின் பக்கம் திரும்பி, வைத்தியத்துக்கு இடம் இருக்குமா என்றார். அலுவலர் பத்திரிகையை மடித்துவைத்து எழுந்து, இருக்கிறது என்றார். நீதிமன்றச் சிங்களம் முத்துசாமிக்கு எட்டாது, ஆனால் இவ்வளவு புரியும். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமிருக்கவில்லை.

அப்போதுதான் பதிவாளர் பழைய வழக்கேட்டை எடுத்து நீட்டினார். இரண்டு குற்றத்தீர்ப்பு, ஒத்திவைத்த ஆறு மாதம். நீதவான் பக்கங்களைப் புரட்டினார். இரண்டு இடத்திலும் ஒரே வரிதான் இருந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: “முதல் தடவையே வைத்தியம் கேட்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். இனி என் கையில் ஒன்றும் இல்லை. அப்போது ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவரிடம் கேளுங்கள்.”

கேட்டேன். அது என் வேலை. முத்துசாமியிடம், அவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தமிழில், தெளிவாக, “முதல் தடவையே இதை ஏன் சொல்லவில்லை என்று ஐயா கேட்கிறார்” என்று கேட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடக் கணக்கை அவர் அந்த இடத்தில் நின்று போட்டு முடித்ததை நான் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சொன்னேனுங்களே. ரெண்டு தடவையும் சொன்னேன்.”

நீதவான் பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பதில் சிங்களத்தில் போனால் அடுத்த கேள்வி எனக்கு வரும். சத்தியம் செய்த முதலியார் சொன்னதைச் சொல்லவில்லை என்று விசாரணை வரும். சபாநாதன் முதலியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“பயமாக இருந்ததாம், ஸ்வாமீனி” என்று நீதவானிடம் சிங்களத்தில் சொன்னேன்.

பயத்துக்குச் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். முத்துசாமிக்கு அது புரிந்தது. அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். நின்ற இடத்திலேயே சத்தம் போட்டிருந்தால் நீதவான் நிச்சயம் கேட்டிருப்பார். அவர் குனிந்துகொண்டார். பொய் அவருடையது அல்ல, பயம் என்னுடையது. என் முப்பது வருடத்தில் நான் சொன்னவற்றுள் மிக நேர்மையான சொல் அதுதான் என்று பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

ஆறு மாதம் உள்ளே போனார். வெளியே மறைந்து மறைந்து வாங்கியது அங்கே சிரமமில்லாமல் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். வெளியே வந்தவர் மெஷினில் உட்காரவே இல்லை. அடுத்த வருடம் தெல்தோட்டை லயத்தில் இறந்துபோனார். அதற்கு வெகுகாலம் முன்பே சிபாரிசுக் கடிதத்தில் ஒப்பம் விழுந்து, நான் தலைமை முதலியார் ஆகிவிட்டேன். சபாநாதன் முதலியார் விடைபெறும்போது என் கையைப் பிடித்து, “இப்ப விளங்கிச்சோ, ஏன் நான் எல்லாத்தையும் ஒரு வரியிலை முடிக்கிறனான் எண்டு?” என்று கேட்டார். விளங்கியது என்றேன்.

சட்டத்தை மாற்றட்டும். குடு அடிப்பவனைக் குற்றவாளி என்று சொல்லாத நாள் வரட்டும், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் புதிய சட்டத்திலும் அந்த மனிதன் வாயைத் திறந்து ஏதாவது சொல்வான். பக்கத்தில் யாராவது ஒருவன் நின்று அதைச் சுருக்குவான்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் முத்துசாமியைச் சிறை வண்டியில் ஏற்றிய பிறகு, புஷ்பம் என்னைத் தேடி வந்தார். கடைசி வாங்கில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கண் சிவந்திருந்தது. நான் விலகிப் போகப் பார்த்தேன். வழிமறித்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஒங்க மேல ஒரு குறையும் இல்லண்ணே. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எவ்வளவு நேரம் அவருக்காகப் பேசினீங்க. எல்லாத்தையும் சொல்லிட்டீங்க” என்றார்.

“அது என் கடமைதானேம்மா” என்றேன்.